மன அழுத்தம் மூளையை என்ன செய்கிறது? புரூஸ் மெக்யூவன் ஆராய்ச்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒருவர் பதற்றமாகவோ ஓயாத கவலையிலோ இருந்தால், "எல்லாம் மனசுதான், மனசைத் திடமா வச்சுக்கோ" என்று சொல்வது நம் வீடுகளில் வழக்கம். நானும் பலரிடம் சொல்லியிருக்கிறேன். புரூஸ் மெக்யூவனின் ஆய்வுகளைப் படித்த பிறகு அதை நிறுத்திவிட்டேன். அழுத்தம் மனதோடு நிற்பதில்லை என்பதையும், நரம்பணுவின் கிளைகள் வரை இறங்கி அங்கே அளந்து பார்க்கக்கூடிய மாற்றத்தைச் செய்கிறது என்பதையும் ஐம்பது ஆண்டு உழைப்பில் காட்டியவர் அவர். அவருடைய ஆராய்ச்சியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

யார் இந்த மெக்யூவன்?

அமெரிக்க நரம்பியல் விஞ்ஞானி. 1938-ல் பிறந்து, 2020 ஜனவரி 2-ஆம் தேதி தன் 81-ஆவது வயதில் மறைந்தார். கல்லூரியில் படித்தது வேதியியல். 1964-ல் நியூயார்க் நகரத்தின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் செல் உயிரியலில் முனைவர் பட்டம் பெற்றார். 1966-ல் அதே பல்கலைக்கழகத்தில் நீல் மில்லர் என்ற உளவியல் அறிஞரின் ஆய்வகத்தில் சேர்ந்தார். பிறகு கடைசிவரை ராக்ஃபெல்லர்தான். செல்லுக்குள் நடக்கும் வேதியியலை அறிந்த ஒருவர், விலங்குகளின் நடத்தையை ஆராய்பவர்களோடு போய் உட்கார்ந்தார். அந்தக் காலத்தில் இந்த இரண்டு கூட்டமும் ஒன்றோடொன்று அதிகம் பேசிக்கொண்டதில்லை.

மன அழுத்தம் என்று நீங்கள் சொல்வது டிப்ரஷனையா?

இல்லை. இந்தக் குழப்பம் தமிழில் அதிகம். ஸ்ட்ரெஸ், டிப்ரஷன் இரண்டையும் பத்திரிகைகள் "மன அழுத்தம்" என்றே எழுதுகின்றன. டிப்ரஷனுக்கு மனச்சோர்வு என்ற சொல் இருக்கிறது. அது ஒரு நோய், அதற்குச் சிகிச்சை உண்டு. இந்தப் பக்கத்தில் மன அழுத்தம் என்றால் ஸ்ட்ரெஸ் மட்டுமே: வெளியிலிருந்து வரும் நெருக்கடியும், அதைச் சமாளிக்க உடம்பு செய்யும் வேலையும். நீண்ட நாள் அழுத்தம் மனச்சோர்வு வரும் வாய்ப்பைக் கூட்டலாம். அதற்காக இரண்டும் ஒன்றாகிவிடாது.

டென்ஷன் வந்த அந்த நொடியில் உடம்புக்குள் என்ன நடக்கிறது?

முதலில் அட்ரினலின். சில நொடிகளுக்குள் இதயம் வேகமாக அடிக்கிறது, கை வியர்க்கிறது. அப்புறம் மெதுவாக வருவது கார்டிசால். மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் ஒரு ஹார்மோனை அனுப்பும். அது பிட்யூட்டரியைத் தூண்டும். பிட்யூட்டரி இன்னொரு ஹார்மோனை ரத்தத்தில் விடும். அது சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளை எட்டும்போது அங்கிருந்து கார்டிசால் சுரக்கும். உச்சத்துக்கு வர ஏறக்குறைய 20, 30 நிமிடம் ஆகும். சண்டை முடிந்து அரை மணி நேரம் கழித்தும் உடம்பு நிதானத்துக்கு வராமல் இருப்பதில் இதற்குப் பங்கு உண்டு.

கார்டிசாலை வில்லனாக நினைக்க வேண்டாம். விடியற்காலையில் அது உயர்வது நாம் எழுந்து நடமாட உதவுகிறது. நள்ளிரவை ஒட்டி அது மிகவும் குறைந்திருக்கும். சுத்தமாகக் கார்டிசால் இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து. எலிகளில் இதே வேலையைச் செய்வது கார்டிகோஸ்டீரோன் என்ற நெருங்கிய உறவுக்காரர்.

அவருடைய முதல் பெரிய கண்டுபிடிப்பு எது?

1968-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஒரு சிறிய கட்டுரை. ஜே வைஸ், லெஸ்லி ஷ்வார்ட்ஸ் ஆகியோருடன் சேர்ந்து எழுதியது. செய்தது இவ்வளவுதான்: அட்ரினல் சுரப்பிகளை நீக்கிய எலிகளுக்கு, கதிரியக்க அடையாளம் போட்ட கார்டிகோஸ்டீரோனை ஊசி வழியாகச் செலுத்தினார்கள். பிறகு மூளையில் அது எங்கே போய்த் தங்குகிறது என்று தேடினார்கள். சுரப்பியை நீக்கியதற்குக் காரணம் உண்டு. எலியின் சொந்த ஹார்மோன் முன்பே அந்த இடங்களைப் பிடித்துக்கொண்டிருந்தால், செலுத்தியது எங்கே ஒட்டுகிறது என்று தெரியாது.

ஹார்மோன் சுரப்பை ஆளுவது ஹைப்போதலாமஸ், ஆகவே அங்கேதான் அதிகம் தங்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் அது போய்க் குவிந்தது ஹிப்போகேம்பஸில்.

அதில் அப்படி என்ன ஆச்சரியம்?

ஹிப்போகேம்பஸ் என்பது கடற்குதிரை வடிவில் வளைந்திருக்கும் ஒரு பகுதி. பெயரும் கிரேக்க மொழியில் கடற்குதிரை என்பதே. புதிய நினைவுகள் உருவாக அது வேண்டும். 1953-ல் வலிப்பு நோய்க்காக ஒரு அமெரிக்க இளைஞருக்கு இரு பக்கமும் அந்தப் பகுதியை அறுத்து எடுத்தபோது, அவரால் அதற்குப் பிறகு நடந்த எதையும் புதிதாக நினைவில் வைக்க முடியாமல் போனது. அப்போதுதான் அதன் முக்கியத்துவம் உலகத்துக்குப் புரிந்தது.

இப்போது மெக்யூவனின் முடிவை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வயிற்றுக்குள் இருக்கும் ஒரு சுரப்பி விடும் ரசாயனத்தைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள், நினைவின் கருவூலத்திலேயே மிக அடர்த்தியாக இருக்கின்றன. அதுவரை மூளை ஆணையிடும், உடம்பு கேட்கும் என்றுதான் பொதுவாக நினைத்தார்கள். உடம்பும் மூளைக்குச் சேதி அனுப்புகிறது, அந்தச் சேதி நினைவையும் உணர்ச்சியையும் தொடுகிறது என்பதற்கு நேரடிச் சான்று கிடைத்தது. எனக்கு அவர் ஆய்வுகள் எல்லாவற்றிலும் இதுவே மிகவும் பிடித்தது. கருவி எளிது, கேள்வி கூர்மை.

மன அழுத்தத்தால் மூளை அணுக்கள் செத்துப்போகும் என்கிறார்களே, உண்மையா?

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் இதைப் பாதி மட்டும் கேட்டுவிட்டு இரவெல்லாம் தூங்காமல் கிடந்தவர்களை எனக்குத் தெரியும்.

1980-களில் விஞ்ஞானிகளும் ஏறக்குறைய அப்படித்தான் அஞ்சினார்கள். மெக்யூவனிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தவர் ராபர்ட் சபோல்ஸ்கி. பிற்காலத்தில் கென்யாவின் பபூன் குரங்குகளை ஆண்டுக்கணக்கில் கவனித்துப் புகழ்பெற்றவர் அவர்தான். சபோல்ஸ்கி, லூயிஸ் க்ரே, மெக்யூவன் மூவரும் 1986-ல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். கார்டிசால் வகை ஹார்மோன்கள் ஹிப்போகேம்பஸைத் தேய்க்கும். ஹார்மோன் சுரப்புக்குக் கடிவாளம் போடுவதில் ஹிப்போகேம்பஸுக்கும் பங்கு இருப்பதால், அது தேயத் தேயக் கடிவாளம் தளரும். ஹார்மோன் இன்னும் கூடும், அது இன்னும் தேய்க்கும். முதுமையில் இப்படி ஒரு சுழல் நடக்கிறது என்றார்கள்.

அடுத்த சில ஆண்டுகளில் மெக்யூவனின் ஆய்வகமே இந்தப் படத்தைத் திருத்தியது. எலிகளை நாளுக்கு 6 மணி நேரம், 21 நாட்கள் அசைய முடியாதபடி வைத்தார்கள். பிறகு கோல்ஜி முறையில் மூளைக்குச் சாயம் ஏற்றினார்கள். 1873-ல் இத்தாலியில் கமில்லோ கோல்ஜி கண்ட வெள்ளிச் சாய முறை அது. ஆயிரக்கணக்கான நரம்பணுக்களில் சிலவற்றை மட்டும் வேரோடும் கிளையோடும் கறுப்பாக எடுத்துக்காட்டும். பார்த்தால், ஹிப்போகேம்பஸின் சிஏ3 என்ற பகுதியில் நரம்பணுக்கள் உயிரோடுதான் இருந்தன. ஆனால் அவற்றின் கிளைகள் குட்டையாகியிருந்தன, கிளை பிரிவதும் குறைந்திருந்தது. கத்தரித்த மரம் போல.

அழுத்தத்தை நிறுத்தினார்கள். சுமார் 10 நாட்களில் கிளைகள் மறுபடி வளர்ந்துவிட்டன.

மெக்யூவன் இதைச் "சேதம்" என்று சொல்லத் தயங்கினார், தகவமைப்பு என்றார். கிளைகளைச் சுருக்கிக்கொள்வது அதிகப்படியான தூண்டுதலிலிருந்து நரம்பணு தன்னைக் காத்துக்கொள்ளும் வழி என்பது அவர் எண்ணம். குளிர்கால உறக்கத்தில் கிடக்கும் ஐரோப்பிய ஹாம்ஸ்டர் என்ற சிறு விலங்கிலும் இதே கிளைகள் சுருங்குகின்றன, அது விழித்ததும் மிக விரைவாக விரிந்துவிடுகின்றன. 2006-ல் அவர் குழு வெளியிட்ட முடிவு இது. நோயே இல்லாத ஒரு விலங்கின் வாழ்க்கையில் இது வழக்கமாக நடக்கும் காரியம் என்றால், சுருங்குவதை எல்லாம் அழிவு என்று எடுத்துக்கொள்ள முடியாதே.

சுருங்கச் செய்வது கார்டிசால் மட்டும்தானா?

இல்லை, இங்கே குளுட்டமேட் வருகிறது. மூளையில் நரம்பணுக்களைத் தூண்டிவிடும் முதன்மையான ரசாயனம் அது. அழுத்தத்தின்போது அது அதிகமாகப் பாய்கிறது. 1992-ல் வந்த ஒரு சோதனையில் எலிகளுக்கு ஃபெனிடாயின் கொடுத்தார்கள். நம் ஊர் மருந்துக்கடைகளிலும் கிடைக்கும் வலிப்பு மாத்திரைதான் அது. தூண்டுதலை அடக்கும் அந்த மருந்தைக் கொடுத்தபோது, அழுத்தம் இருந்தும் கிளைகள் சுருங்கவில்லை. அழுத்தத்துக்குப் பதிலாகக் கார்டிகோஸ்டீரோனை ஊசியில் செலுத்தியபோதும், கூடவே இந்த மருந்து இருந்தால் கிளைகள் சுருங்கவில்லை. அப்படியானால் ஹார்மோன் தனியாக இதைச் செய்யவில்லை, குளுட்டமேட்டும் கூட இருந்தால்தான் நடக்கிறது.

"மூளையில் செரடோனின் குறைந்துவிட்டது, அவ்வளவுதான்" என்று ஒரே ரசாயனத்தின் தலையில் எல்லாப் பழியையும் போடும் விளக்கங்களை நான் நம்பாமல் போனதற்கு இந்த ஆய்வு ஒரு காரணம். ஒரு முக்கியமான எச்சரிக்கை: இதைப் படித்துவிட்டு யாரும் ஃபெனிடாயின் வாங்கிச் சாப்பிடக் கூடாது. அது வலிப்புக்கான மருந்து, மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது.

எலிக்கு நடந்தது மனிதருக்கும் நடக்குமா?

மனித மூளையை வெட்டிச் சாயம் ஏற்ற முடியாது. ஸ்கேன் வழியாகத்தான் பார்க்க வேண்டும். இரண்டு சான்றுகள் என்னை நம்பவைத்தன.

ஒன்று, மருத்துவ மாணவர்கள். கானர் லிஸ்டன், பி.ஜே. கேஸி இருவரும் மெக்யூவனும் 2009-ல் வெளியிட்ட ஆய்வு. பெரிய தேர்வுக்கு நான்கு வாரமாகத் தயாராகிக்கொண்டிருந்த 20 மாணவர்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்குக் கவனத்தை மாற்றுவதில் அவர்கள் பின்தங்கினார்கள். அந்த வேலைக்குப் பொறுப்பான முன்மூளைப் பகுதி மற்ற பகுதிகளோடு சேர்ந்து இயங்குவதும் குறைந்திருந்தது. தேர்வெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், அழுத்தம் இல்லாத மற்ற இளைஞர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பொதுத்தேர்வு மாதத்தில் "எதைச் சொன்னாலும் மண்டையில் ஏறவில்லை" என்று பிள்ளையைத் திட்டும் பெற்றோர் இதை ஒருமுறை படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இன்னொன்று, குஷிங் நோய். இதில் உடம்பு கார்டிசாலை அளவுக்கு மீறிச் சுரக்கும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மோனிகா ஸ்டார்க்மனின் குழு இந்த நோயாளிகளின் ஹிப்போகேம்பஸை அளந்தது. சிகிச்சையில் கார்டிசால் இறங்கிய பிறகு அந்தப் பகுதி அளவில் பெரிதாகியிருந்தது என்று 1999-ல் வெளியிட்டார்கள்.

நெருக்கடி முடிந்து பல நாளாகியும் பயம் மட்டும் போகவில்லையே, ஏன்?

இதற்கான விடையில் ஒரு முக்கியமான பங்கு பெங்களூரிலிருந்து வந்தது. அங்குள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்த்ர சட்டர்ஜியும் அவர் மாணவர்களும் அமிக்டலா என்ற பகுதியைக் கவனித்தார்கள். ஆபத்தை மோப்பம் பிடிப்பதும் பயத்தைப் பதியவைப்பதும் அந்தப் பாதாம்பருப்பு அளவு பகுதியின் வேலை. அழுத்தத்தில் ஹிப்போகேம்பஸின் கிளைகள் சுருங்கும்போது, அமிக்டலாவின் கிளைகள் நேர்மாறாக வளர்கின்றன என்று 2002-ல் காட்டினார்கள். நாளுக்கு 2 மணி நேரம், 10 நாள் அழுத்தமே அதற்குப் போதுமானதாக இருந்தது. அழுத்தத்தை நிறுத்தி 21 நாள் காத்திருந்து பார்த்தபோது ஹிப்போகேம்பஸ் பழைய நிலைக்கு வந்திருந்தது. அமிக்டலா வரவில்லை.

2005-ல் சட்டர்ஜியும் மெக்யூவனும் சேர்ந்து எழுதிய கட்டுரை இதைவிட யோசிக்கவைப்பது. ஒரே ஒரு முறை, 2 மணி நேரம் மட்டும் எலியை அழுத்தத்துக்கு ஆளாக்கினார்கள். மறுநாள் பார்த்தால் எதுவும் தெரியவில்லை. 10 நாள் கழித்துப் பார்த்தால், அமிக்டலாவின் நரம்பணுக் கிளைகளில் புதிய முட்கள் முளைத்திருந்தன, எலியின் பதற்றமும் கூடியிருந்தது. முட்கள் என்பவை இரண்டு நரம்பணுக்கள் தொடர்பு கொள்ளும் சிறு முனைகள்.

விபத்து நடந்த அன்று கல் போல நின்றவர், இரண்டு வாரம் கழித்து ஹாரன் சத்தத்துக்கு நடுங்குவதை நாம் பார்த்திருக்கிறோம். "அன்னைக்கே நல்லாத்தானே இருந்த, இப்ப என்ன?" என்று அவரிடம் கேட்கிறோம். எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிட முடியாது. ஆனாலும் அந்தக் கேள்வியை இனி என்னால் யாரிடமும் கேட்க முடியாது.

அலோஸ்டேடிக் சுமை என்று ஒரு சொல் அடிபடுகிறதே, அது என்ன?

1988-ல் பீட்டர் ஸ்டெர்லிங், ஜோசப் ஐயர் இருவரும் 'அலோஸ்டேசிஸ்' என்ற சொல்லை உருவாக்கினார்கள். நிலைமை மாறும்போது உடம்பும் ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹார்மோன் எல்லாவற்றையும் மாற்றிச் சமாளிக்கும் என்பது அதன் பொருள். 1993-ல் மெக்யூவனும் எலியட் ஸ்டெல்லாரும் அதன் அடுத்த பாதியைச் சொன்னார்கள். அப்படிச் சமாளிப்பதற்கு ஒரு விலை உண்டு, அது சேர்ந்துகொண்டே போகும். அந்தச் சேர்மானத்துக்குத்தான் அலோஸ்டேடிக் சுமை என்று பெயர். கைமாற்று வாங்கி மாதத்தை ஓட்டுவது போல. ஒரு மாதம் வாங்கினால் தவறில்லை, ஒவ்வொரு மாதமும் வாங்கினால் வட்டி ஏறும்.

இதை அளக்கவும் முயன்றார்கள். 1997-ல் டெரசா சீமன் தலைமையில், 70 முதல் 79 வயது வரையான முதியவர்களிடம் ரத்த அழுத்தம், இடை–இடுப்புச் சுற்றளவு விகிதம், கொழுப்பு, மூன்று மாதச் சர்க்கரை, சிறுநீரில் கார்டிசால், அட்ரினலின் என்று 10 அளவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். எந்த ஒன்றும் தனியாகப் பயமுறுத்தாவிட்டாலும், பல அளவுகள் கொஞ்சம் கொஞ்சம் மோசமாக இருந்தவர்களுக்குப் பின்னாளில் நினைவாற்றலும் உடல்வலுவும் அதிகம் குறைந்தன.

அப்படியானால் வசதி குறைந்தவர்களுக்குத்தான் இந்தச் சுமை அதிகமா?

ஆம். மெக்யூவன் இதை வெளிப்படையாகவே பேசினார். வறுமையும் உடல்நலமும் எப்படி இணைகின்றன என்று ஆராய்ந்த மெக்கார்தர் அறக்கட்டளையின் குழுவிலும் இருந்தார். அவர் அடிக்கடி சுட்டியவற்றில் ஒன்று லண்டன் அரசு ஊழியர்கள் பற்றிய வைட்ஹால் ஆய்வு. 1967-ல் 17,000-க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்துத் தொடங்கியது. மைக்கேல் மார்மட் வெளியிட்ட முடிவுகளின்படி, கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் உயர் அதிகாரிகளுடையதைவிடச் சுமார் 3 மடங்கு. எல்லோருக்கும் அரசு வேலை, எல்லோருக்கும் இலவச மருத்துவம். புகைப்பழக்கம் போன்ற காரணங்கள் இந்த வித்தியாசத்தில் ஒரு பகுதியைத்தான் விளக்கின. பெரிய அதிகாரிக்குத்தான் டென்ஷன், கீழே இருப்பவருக்கு நிம்மதி என்று நாம் பேசுவது தவறு. தன் நாளைத் தானே தீர்மானிக்க முடியாத நிலைமைதான் உடம்பை அதிகம் அரிக்கிறது.

ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரியா?

இல்லை. ஆண் எலிகளில் கண்ட அந்தக் கிளைச் சுருக்கம் பெண் எலிகளில் அதே விதமாக நடப்பதில்லை. பெண் எலியின் ஹிப்போகேம்பஸில் நரம்பணு முட்களின் எண்ணிக்கை சில நாளே நீளும் மாதவிடாய் போன்ற சுழற்சிக்குள்ளேயே ஏறி இறங்குவதை 1990-ல் கேத்தரின் வூலி, எலிசபெத் குல்ட் இருவரும் மெக்யூவனுடன் சேர்ந்து கண்டார்கள். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரஜன் மூளையிலும் வேலை செய்கிறது என்பதற்கு இது பலமான சான்று. ஆண் விலங்குகளை மட்டும் வைத்து ஆராய்ந்துவிட்டு எல்லோருக்கும் பொதுவாகப் பேசும் பழக்கத்தை அவர் பிற்காலத்தில் தொடர்ந்து எதிர்த்தார்.

வயதானாலும் மூளை மீளுமா?

அழுத்தம் நின்ற பிறகு இளம் எலிகளில் முன்மூளை மீண்டது. நடுவயது, முதிய எலிகளில் அதே இடைவெளியில் மீளவில்லை என்று 2010-ல் அவர் குழு கண்டது. அதற்காகக் கதவு மூடிவிட்டது என்று அர்த்தமில்லை, அடுத்த பதிலைப் பாருங்கள்.

கார்டிசாலைக் குறைக்கும் பொடி, டீ எல்லாம் விற்கிறார்களே, வாங்கலாமா?

நான் வாங்க மாட்டேன். மெக்யூவன் மாத்திரையைவிட நடைக்கும் தூக்கத்துக்கும் மனிதத் துணைக்குமே அதிக முக்கியத்துவம் கொடுத்தார். அவர் விரும்பி எடுத்துக்காட்டிய ஓர் ஆய்வு 2011-ல் அமெரிக்காவில் வந்தது. 120 முதியவர்கள். பாதிப் பேர் வாரம் 3 நாள் நடந்தார்கள், மெல்லக் கூட்டி ஒரு நடைக்கு 40 நிமிடம் வரை. மீதிப் பேர் உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தார்கள். ஓராண்டு கழித்து, நடந்தவர்களின் ஹிப்போகேம்பஸ் சுமார் 2 சதவீதம் பெரிதாகியிருந்தது. மற்றவர்களுக்குச் சற்றுக் குறைந்திருந்தது. நடைக்கு வழியும் நேரமும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் பூங்கா, பாதுகாப்பான தெரு, நியாயமான வேலை நேரம் எல்லாம் மூளை நலத்தோடு சேர்ந்த விஷயங்கள் என்று அவர் எழுதினார்.

வாரக்கணக்கில் தூக்கம் போய்விட்டது, எதிலும் பிடிப்பில்லை, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறது என்றால் நடையை நம்பிக் காத்திருக்கக் கூடாது. மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம்.

வீசிங்குக்கும் மூட்டுவலிக்கும் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். அதுவும் இந்தக் கார்டிசால்தானா?

அதே குடும்பம். பிரெட்னிசலோன் போன்றவை கார்டிசாலைப் பார்த்துச் செயற்கையாக உருவாக்கியவை. மெக்யூவன் மூளையில் கண்டுபிடித்த அந்த ஏற்பிகளில் இவையும் போய் ஒட்டும். அதனால் சிலருக்கு இரவில் தூக்கம் வராது, காரணமில்லாமல் எரிச்சல் வரும், மனநிலை ஏறி இறங்கும். அது உங்கள் குணம் கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை. வீட்டில் இருப்பவர்களிடமும் இதைச் சொல்லிவையுங்கள். மருத்துவரிடம் சொன்னால் அளவையோ வேளையையோ மாற்றித் தரக்கூடும். நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிட மட்டும் வேண்டாம். நீண்ட நாள் வெளியிலிருந்து வந்துகொண்டிருந்ததால் உங்கள் அட்ரினல் சுரப்பிகள் வேலையைக் குறைத்திருக்கும். அவை மறுபடி சுரக்கத் தொடங்க வாரங்களோ மாதங்களோ ஆகலாம், அதுவரை அளவைப் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.